பூவரசின் கடல் பக்கம்

முள்ளிப்பாட்டில் கோயில் சிரமதானம் என்றால் மணி அடித்து ஊரைக் கூப்பிட வேண்டும். கிறேஸை மட்டும் கூப்பிடத் தேவையில்லை. மணி அடிக்கிறவர் வந்து சேரும்போதே அவள் வளவில் பாதியைக் கூட்டி முடித்திருப்பாள். "அக்கா, வீட்டில படுக்கிறீங்களோ, கோயில் விறாந்தையில படுக்கிறீங்களோ?" என்று மூப்பர் யோகராசா பகிடி விடுவார். தனி மனுஷிக்கு வீட்டில் என்ன வேலை இருக்கிறது? ஒரு சுண்டு அரிசி, ஒரு துண்டு மீன், கழுவ ஒரு கோப்பை. கோயில் வளவு பெரியது. அங்கே வேலைக்குக் குறைவில்லை.

ஐப்பசி முடிகிற நாட்கள். சோளகக் காற்று விழுந்துவிட்டது, வாடைக் காற்று இன்னும் எழும்பவில்லை. கடல் தாச்சியில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. இந்த இடைவெளியில்தான் ஊர் கூடிக் கோயிலைத் துப்புரவாக்கும். ஆண்கள் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பெண்கள் கிணற்றடிப் பாசியை உரஞ்சி, வாங்குகளைக் கழுவி வெயிலில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சேமக்காலைக்குப் போவார்கள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னர் அங்கே செத்தவர்களின் குழிகளுக்கெல்லாம் புது மணல் போட வேண்டும்.

மணல் போடுவதில் அந்த ஊருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கூரை ஓட்டை யாரும் மாற்றலாம், சுண்ணாம்பை யாரும் அடிக்கலாம். ஆனால் குழிக்குப் போடுகிற வெள்ளை மணலைச் செத்தவரின் சொந்தக்காரர்தான் கடற்கரையிலிருந்து கடகத்தில் சுமந்து வர வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்கக் கூடாது. உழவு மெசினில் ஏற்றக் கூடாது. கனடாவில் இருக்கிற ஒருவர், யாரையாவது பிடித்துத் தகப்பனின் குழிக்கு மணல் போடுவிக்கும்படி போன் எடுத்தாராம். "சுண்ணாம்பு வேணுமெண்டால் வாங்கித் தாரும், மணலுக்கு நீர்தான் வரவேணும்" என்று மூப்பர் போனை வைத்துவிட்டார்.

திருநாளன்று பின்னேரம் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி தீர்த்தச் செம்போடு சேமக்காலைக்கு வருவார். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் அந்தந்த வீட்டுக்காரர் மெழுகுதிரியோடு நின்று, செத்தவரின் பெயரை உரத்துச் சொல்வார்கள். சுவாமி தெளித்துச் செபிப்பார். குழி எங்கே என்று தெரியாதவர்களுக்கு வாசலடியில் ஒரு பெரிய சிலுவை நட்டிருந்தார்கள். வன்னியில் பறிகொடுத்தவர்கள், கடலில் விட்டவர்கள் எல்லோரும் அங்கே ஒரு கும்பலாக நின்று ஒரே செபத்தில் முடித்துக்கொள்வார்கள். "பெரிய சிலுவையடி ஆக்கள்" என்று அவர்களுக்கு ஒரு பெயரும் விழுந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கிறேஸ் பெரிய சிலுவையடி ஆள் இல்லை. அவளுக்கு ஒரு குழி இருந்தது. உலகத்தில் அவளுக்கென்று இருந்ததே அது ஒன்றுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஊர் கலைந்த கிழமை அவளுடைய மகன் சுபாஸுக்குக் காய்ச்சல். ஏழு வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை மூடிக் கிடந்தது. பிள்ளை பனங்கட்டித் தண்ணி கேட்டான், குடித்தான், போய்விட்டான். பெட்டி அடிக்கப் பலகை இல்லை, சிலுவை செய்ய நேரமில்லை. அவளுடைய புருஷன் அமிர்தநாயகம் பாயில் சுற்றிக் கொண்டுபோய்ச் சேமக்காலைப் பூவரசின் அடியில், கடல் பக்கமாகப் பிள்ளையை வைத்தான். "அடையாளத்துக்கு மரம் நிக்குது. மரம் எங்கை ஓடப்போகுது?" என்றான். அடுத்த நாள் கைக்குழந்தை ஜெயந்தினியைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறினார்கள். பிறகு இருபது வருடம் மண்டபத்து அகதி முகாம். அமிர்தநாயகம் அங்கேயே செத்தான், அங்கேயே புதைத்தார்கள். ஜெயந்தினி அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் கட்டி, இப்போது மூன்று பெட்டைகளுக்குத் தாயாகிவிட்டாள். அவள் வாயில் "ஓம்" வராது, "ஆமா"தான் வரும்.

யுத்தம் முடிந்து ஊருக்குள் போக விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கிறேஸ் மகளை விட்டுத் தனியாக வந்தாள். கோயில் வளவில் நெடுங்காலமாக ஆமிக் காம்ப் இருந்திருந்தது. சேமக்காலையில் ஒரு சிலுவைகூட மிஞ்சவில்லை. கழுதைகள் புரண்டு பாதிக் குழிகள் தூர்ந்து போயிருந்தன. நடுப்பகுதி முழுவதும் வாகனங்கள் நின்று நின்று கட்டாந்தரையாகிவிட்டது. ஆனால் சுவர்க்கரையில் ஒரு பெரிய பூவரசு, மஞ்சள் பூவும் பழுத்த இலையுமாக நின்றது. கிறேஸ் அதைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். கடல் பக்கத்தில் ஒரு மேடும் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சம் நீளம்தான். மணல் பரவியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மணல் சுமந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த மேட்டில் போய் இருந்து, கிழமை முழுக்க யாரோடும் பேசாததையெல்லாம் பேசினாள்.

போன வருடம்தான் செல்வநாயகம் வன்னியிலிருந்து ஊருக்குத் திரும்பினான். தொண்ணூறில் அவனுடைய தாய் எடித் செத்தபோது அவன் வெள்ளாங்குளத்துப் பக்கம் தொழிலுக்குப் போய், பாதை பூட்டுப்பட்டு, செத்தவீட்டுக்கே வர முடியாமல் போனவன். சிரமதானத்தன்று அவன் ஒரு கடகம் மணலோடு நேரே கிறேஸின் மேட்டுக்கு வந்தான். கிறேஸ் விளக்குமாற்றோடு குறுக்கே நின்றாள்.

"தம்பி, எங்கை கொட்டப் போறீர்?"

"அக்கா... அம்மாவை இந்தச் சுவர் மூலையிலதான் வைச்சதெண்டு அடக்கத்துக்கு நிண்டவை சொன்னவை."

"ஆர் நிண்டது? ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லை, அக்கா."

"அப்ப எனக்கு மரம் சாட்சி. என்ர மனிசன் இந்தப் பூவரசைப் பாத்துத்தான் பிள்ளையை வைச்சவர். மரம் பொய் சொல்லுமே?"

செல்வநாயகம் வாயில்லாப் பூச்சி. கடகத்தை மறுபடியும் தலையில் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரிய சிலுவையடியில் கொட்டினான். அவனுடைய மனைவி வசந்தமலர் மட்டும், "பிடிச்ச முயலுக்கு மூண்டு காலெண்டு நிக்கிறா மனிசி" என்று முணுமுணுத்தாள். ஆனால் ஊர் கிறேஸின் பக்கம்தான் நின்றது. பூவரசு நின்றது எல்லோருக்கும் ஞாபகம். எங்கே நின்றது என்று மட்டும் ஒருவருக்கும் சரியாக ஞாபகமில்லை.

இந்த வருடம் அந்த மரத்துக்கே காலம் வந்தது. புதிதாகக் கட்டிய மாதா கெபியின் அடித்தளத்தைப் பூவரசின் வேர் கிளப்பி, மாதாவின் காலடியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. பூசைக்குப் பிறகு கூடிப் பேசினார்கள். மரத்தைத் தறிக்க வேண்டும் என்றார்கள்.

"தறிச்சுப்போட்டு என்ர பிள்ளையின்ர அடையாளத்துக்கு எங்கை போறது?" கிறேஸ் எழும்பி நின்றாள்.

"அக்கா, குழியை ஆர் தொடப்போறது? சிமெந்தில ஒரு சிலுவை வார்த்துத் தாறம். பேரும் எழுதுவம். மரம் பட்டுப்போகும், சிலுவை பட்டுப்போகுமே?" என்றார் யோகராசா.

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துவிட்டது. அன்று பின்னேரமே மகளுக்குப் போனில் சொன்னாள்.

"அப்பாடா!" என்றாள் ஜெயந்தினி. "இத்தன வருஷமா நான் கரடியா கத்துறேன். சிலுவைய வச்சிட்டு இங்க வந்துடுங்கம்மா. அண்ணன் எடம் இன்னதுன்னு ஆயிடுச்சுன்னா, ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க. காய்ச்சல் வந்தா ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுக்க அங்க யாரு இருக்கா?"

ஒருத்தரும் இல்லைத்தான். போன மாரியில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, கதவைத் தட்டியது ஒரு கழுதை மட்டும்தான். அதுவும் வேலியில் காய்ந்த சேலையைத் தின்ன வந்தது. கிறேஸுக்குப் பேத்திகளின் தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட வேண்டும் என்று கை ஊறியது. "ஓம் பிள்ளை, சிலுவையை நட்டாப்பிறகு வாறன்" என்றாள். பாஸ்போட் அலுமாரிக்குள் தயாராக இருந்தது. சேலைகளையும் மடித்து வைத்துவிட்டாள்.

சிரமதானத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. மரம் தறிக்கிற வேலை செல்வநாயகத்திடம் வந்தது. வன்னியில் காடு வெட்டிப் பழகிய கை. மேல் கொப்புகளைக் கழித்து, கெபியில் விழாமல் வடத்தைக் கட்டி இழுத்து, மரத்தைக் கட்டாந்தரைப் பக்கமாகச் சாய்த்தார்கள். விழுந்த சத்தத்துக்குக் காகங்கள் எழும்பிக் கத்தின. கிறேஸ் மேட்டின் மேல் ஒரு கொப்பும் படாதபடி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காவலுக்கு இருந்தாள். கோயில் குசினியில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டைச் சம்பல் இடித்தார்கள். வசந்தமலர் எல்லோருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். முறைத்துக்கொண்டேதான் என்றாலும் கிறேஸுக்கும் ஒரு கோப்பை வந்தது.

அடிமரத்தைத் துண்டு போட்டுப் பிளக்கும்போது, நெஞ்சு உயரத்துத் துண்டில் கோடாலி ணங்கென்று எதிலோ பட்டது.

"என்னடாப்பா, கல்லே?" கூரையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

செல்வநாயகம் ஆப்பு வைத்து அடித்தான். துண்டு இரண்டாகப் பிளந்தது. நட்ட நடுவே, கறுத்த வைரத்துக்குள்ளே, முள்ளுக்கம்பி. ஒரு கைமொத்தக் கட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கம்பி. கட்டை கட்டையாகவே உள்ளே இருந்தது. அதைச் சுற்றித்தான் மரம் வருடாவருடம் பெருத்துக் கம்பியை விழுங்கியிருந்தது.

கிறேஸ் குடையை மடக்கிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. பச்சைப் பூவரசங் கட்டையை வேலிக் கதியாலாக நட்டால் தளிர்த்து மரமாகும் என்பது அந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊரில் அவள் வீட்டு வேலி உட்பட எல்லா வேலியும் அப்படி வளர்ந்ததுதான். இது காம்ப்காரர் கம்பி கட்ட நட்ட கதியால். சுபாஸை வைத்த நாளில் இந்த மரமே இல்லை. அந்தப் பழைய பூவரசு வேறெங்கோ நின்றிருக்கிறது. நடுவில் நின்றிருக்க வேண்டும். அதை வெட்டிக் கிளப்பிவிட்டுத்தான் வாகனங்களை விட்டிருப்பார்கள்.

செல்வநாயகமும் பிளந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு தரம் அவளைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"என்னவாம்?" என்று யோகராசா கெபிப் பக்கமிருந்து கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒண்டுமில்லை மூப்பர். பழைய கம்பித் துண்டு ஒண்டு" என்றான் செல்வநாயகம். துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்ததில் கோடாலியை ஓங்கினான்.

சாப்பாட்டு நேரம் அவன் கிணற்றடியில் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கிறேஸ் போனாள்.

"தம்பி, நீர் கண்டனீர்தானே?"

"என்னத்தை அக்கா?"

"கம்பியை. சின்னக் கட்டையில கட்டின கம்பியை."

"முள்ளுக்கம்பி இந்த ஊரில எங்கை இல்லை? தோண்டின இடமெல்லாம் கம்பிதான்."

"விளையாடாதையும். மரம் பொய் சொல்லிப்போட்டுது. நான்தான் போன வரியம் உம்மை விளக்குமாத்தோட கலைச்சனான்."

அவன் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடிக்க நெடுநேரம் எடுத்தது. "அக்கா, எனக்குப் பெரிய சிலுவையடி பழகிப்போச்சு. நான் அம்மாவின்ர செத்தவீட்டுக்கே வராதவன். இவ்வளவு வரியம் அந்த மேட்டில ஒராள் இருந்து அழுதிருக்கிறா. எனக்கு அது காணும். நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம். சிலுவையை நட்டுப்போட்டுப் பிள்ளையிட்டப் போங்கோ."

திட்டியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டத் தெரியாத மனுஷனிடம் என்ன செய்வது? கிறேஸ் கிழங்கைத் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சிலுவையை அன்று பின்னேரமே மேட்டின் தலைமாட்டில் நட்டார்கள். மறுநாள் யோகராசா கறுப்புப் பெயின்ற்றும் தூரிகையுமாக அவள் வேலிப் படலையில் வந்து நின்றார்.

"அக்கா, சுபாஸ் பிறந்த திகதி என்ன? பேரோட எழுதிவிடுவம்."

"நாளைக்கு எழுதுவம்."

"நாளைக்குத் திருநாளெல்லே? சுவாமி வரேக்க வெறுஞ் சிலுவையே நிக்கிறது?"

"நிக்கட்டும். எனக்கு இண்டைக்குத் திகதி ஞாபகம் வரேல்லை."

பெற்றவளுக்குப் பிள்ளை பிறந்த திகதி ஞாபகம் வரவில்லையாம். யோகராசா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். கிறேஸ் அடுப்பு மூட்டவில்லை. அலுமாரியைத் திறந்து மடித்த சேலைகளைப் பார்த்தாள், மூடினாள். பேசாமல் இருந்தால் யாருக்கு நட்டம்? செல்வநாயகமே சரி என்றுவிட்டான். சிலுவை நிற்கும், பெயர் நிற்கும், அவள் நிம்மதியாக மண்டபத்தில் பேத்திகளோடு கிடக்கலாம். ஆனால் பிள்ளையின் பெயரை இன்னொருத்தியின் தலைமாட்டில் எழுதிவிட்டுப் போனால், பிள்ளை எங்கே கிடக்கிறது? அந்த மேட்டில் இருந்து வருடக்கணக்காகப் பேசியதெல்லாம் எடித்துக்குத்தான் கேட்டதென்றால், சுபாஸ் இத்தனை காலமும் ஒரு சொல்லும் கேட்காமல் அல்லவா கிடந்திருக்கிறான்? அந்த நினைப்பு வந்ததும் பாயில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். கேட்க யாரும் இல்லாத வீட்டில் அழுகையை அடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

திருநாளன்று பின்னேரம் சேமக்காலை வெள்ளை மணலும் மெழுகுதிரி வெளிச்சமுமாக இருந்தது. மெல்ல வாடை எழும்பத் தொடங்கியிருந்தது. திரி அணையாமல் ஆளுக்காள் கையைக் குவித்துப் பிடித்தார்கள். குழி வரிசைகளுக்கு நடுவே கிடந்த கட்டாந்தரையில், எப்போதும் போல, பாட்டுக்காரரும் பிள்ளைகளும் கும்பலாக நின்றார்கள். நிற்க வசதியான இடம் அது ஒன்றுதான்.

சுவாமி சுவர்க்கரைக்கு வந்தபோது மேட்டின் தலைமாட்டில் யாரும் இல்லை. கிறேஸ் தள்ளி நின்றாள். ஊர் திரும்பிப் பார்த்தது.

"செல்வநாயகம்! இஞ்சை வாரும்" என்று கிறேஸ் வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "வசந்தமலர், நீயும் வா பிள்ளை. கொம்மாவிட்ட வந்து நில்லுங்கோ. இது எடித் அக்காவின்ர குழி."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?" யோகராசா பதறிப் போனார். "மரம்..."

"அது மரமில்லை மூப்பர். காம்ப்காரன் நட்ட கதியால். விறகுக் குவியலில நெஞ்சுத் துண்டு கிடக்கு, பிரட்டிப் பாரும். நான்தான் பிழையாய்ப் பிடிச்சு வைச்சிருந்தனான்."

பெரிய சிலுவையடியிலிருந்து செல்வநாயகம் வந்தான். வழியில் அவனுடைய மெழுகுதிரி அணைந்து போனது. கிறேஸ் தன் திரியைச் சரித்து அதைப் பற்றவைத்தாள். வசந்தமலர் அவன் முதுகில் கை வைத்தாள். பிறகுதான், "எடித்" என்றான். இருபது வருடத்துக்கு மேல் தொண்டைக்குள்ளே கிடந்த பெயர், வெளியே வரும்போது உடைந்துதான் வந்தது. சுவாமி தீர்த்தம் தெளித்தார்.

தெளித்து முடித்து அவர் கிறேஸின் பக்கம் திரும்பினார். இளம் சுவாமி, ஊருக்குப் புதிது. "அப்ப, அம்மா, மகன் எங்கை?"

கிறேஸ் கட்டாந்தரையைக் காட்டினாள். "இதுக்குள்ளதான், சுவாமி. எங்கையோ ஒரு இடத்தில."

"எந்த இடத்தில தெளிக்கிறது?"

"தெரியேல்லை."

சுவாமி தீர்த்தச் செம்போடு கட்டாந்தரைக்குள் இறங்கப் போனார். "சுவாமி, காலைப் பாத்து வையுங்கோ" என்றாள் கிறேஸ். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. சுவாமி தூக்கிய காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். நடுவில் நின்ற பாட்டுக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கரைக்கு விலகினார்கள். அந்தப் பெரிய வெறுந்தரை முழுக்க ஒரு ஆளும் இல்லாமல் கிடந்தது. கிறேஸ் அதன் ஓரத்தில் நின்று, "சுபாஸ்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கையிலிருந்த போன் அடித்தது.

"அம்மா, மந்திரிச்சாச்சா? அண்ணனுக்கு மெழுகுதிரி வச்சீங்களா? எப்ப வர்றீங்க?"

கிறேஸ் படலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். கம்பியைச் சொன்னாள், செல்வநாயகத்தைச் சொன்னாள்.

"சரிம்மா. போனது போகட்டும்" என்றாள் ஜெயந்தினி. "இப்ப அங்க அந்தக் குழியும் இல்லேன்னு ஆயிடுச்சு. இனி யாருக்காக அங்க இருக்கணும்? கெளம்பி வாங்க."

"இடம் தெரிஞ்சிருந்தால் விட்டிட்டு வந்திருப்பன், பிள்ளை. எங்கை கிடக்கிறானெண்டே தெரியாதவனை எப்பிடித் தனிய விட்டிட்டு வாறது?"

ஜெயந்தினி அழுவது கேட்டது. பின்னால் பேத்திகள் ஏதோ கேட்டுச் சத்தம் போட்டார்கள். கிறேஸ் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, மகள் அழுது முடியும்வரை படலையடியில் நின்றாள்.